டேபிள்டாப் ஆர்.பி.ஜி.யில் விடுகதைக் காட்சி அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடும் கதை விளையாட்டு. அதில் புதிதாக டி.எம். (ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆகிறவர்கள் என்னிடம் சண்டையைப் பற்றிக் கேட்பதைவிட விடுகதையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வாசலில் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கும், அது விடுகதை போடும், பதில் சொன்னால் வழி விடும். இப்படி ஒன்று வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஒரு தடவை வைத்துப் பார்த்ததும் ஆசை விட்டுப்போகிறது.

இதுவரை ஆடிப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி: டி.எம். கதையையும் உலகத்தையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக உள்ளே போவார்கள். ஒரு செயல் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் 20 பக்கப் பகடையான டி20-யை உருட்டி, கேரக்டரின் திறமை எண்ணைக் கூட்டி, டி.எம். மனதில் வைத்திருக்கும் இலக்கு எண்ணோடு ஒப்பிடுவார்கள், அதை எட்டினால் பலிக்கும். கீழே வரும் எண்கள் எல்லாம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி. வாசல் பூதம் மாதிரியான கட்டத்தை ஆங்கிலத்தில் என்கவுன்டர் என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் போலீஸ் ஞாபகம்தான் வரும் என்பதால் நான் காட்சி என்றே சொல்கிறேன்.

விடுகதை வைத்தால் ஆட்டம் ஏன் அப்படியே நின்றுபோகிறது?

நான் முதன்முதலில் வைத்தது ஒரு கல் கதவு. கதவில் ஒரு முகம். முகம் சொல்லும்: "காலையில் நீளுவேன், உச்சியில் ஒடுங்குவேன், மாலையில் மறுபடி நீளுவேன், இருட்டினால் செத்துப்போவேன்." விடை நிழல். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் என்று நினைத்தேன்.

ஐந்து பேருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. பாம்பு என்றார்கள், ஆபீஸ் லஞ்ச் க்யூ என்றார்கள், சிரித்தார்கள். அரை மணியில் ஒருவர் போனை எடுத்தார், ஒருவர் டீ போட எழுந்தார். பார்பேரியன் (முரட்டு வீரன்) ஆடுகிறவர் கடைசியில், "அண்ணே, நான் கதவை உடைக்கிறேன்" என்றார். "மாயக் கதவு, உடையாது" என்றேன்.

அன்றைய தப்பு அந்த ஒரு வாக்கியம்தான். விடுகதை கடினமாகப் போனதுகூடப் பரவாயில்லை. கதவுக்கு முன்னால் யோசிப்பதைத் தவிர வேறு எதையும் நான் வைக்கவில்லை. யோசிப்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் வேலை. அவருடைய கேரக்டர் கோடாலியைத் தூக்கிக்கொண்டு ஐம்பது நிமிடம் சும்மா நின்றது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான். விடுகதை இரண்டு வரி, அதை எழுதப் பத்து நிமிடம் போதும். விடை தெரியாத நேரத்தில் அந்த இடத்தில் என்னென்ன செய்யலாம் என்பதை எழுதத்தான் மீதிச் சாயங்காலம்.

கேரக்டர் பெரிய அறிவாளி, ஆடுகிற எனக்கு விடுகதையே வராது. டைஸ் போட்டு விடையைத் தெரிந்துகொள்ளலாமா?

இந்த வாக்குவாதம் டி அண்ட் டி வெளியான 1974-லிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பார்பேரியன் ஆடுகிறவரிடம் "நீ நிஜமாகவே நூறு கிலோ தூக்கிக் காட்டு" என்று யாரும் கேட்பதில்லை. மந்திரவாதி ஆடுகிறவரிடம் மட்டும் நிஜமாகவே புத்திசாலியாக இருக்கச் சொல்கிறோம்.

அதற்காக டைஸ் போட்டு விடையைக் கொடுத்துவிட்டால் விடுகதையே வேண்டாம். கணக்கைப் பாருங்கள். இலக்கு 15 என்று வைத்து "எல்லோரும் ரோல் பண்ணுங்க" என்றால், ஒன்றும் கூட்ட முடியாத சாதாரண கேரக்டருக்கு வாய்ப்பு 30 சதவீதம். ஐந்து பேர் உருட்டினால் யாராவது ஒருவருக்கு விழும் வாய்ப்பு 83 சதவீதம். "கடினமான புதிர்" என்று நீங்கள் நினைத்தது ஒரே சுற்றில் முடிந்துவிடும், யாரும் ஒரு நொடிகூட யோசிக்காமல்.

என் மேசையில் டைஸ் குறிப்பை வாங்கித் தரும், விடையை வாங்கித் தராது. நுண்ணறிவு 18 உள்ள கேரக்டருக்கு உருட்டிய எண்ணோடு 4 கூடும். இலக்கு 15 என்றால் அவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. விழுந்தால், "இந்த மாதிரி வரிகளைக் கணக்கர்கள் வட்டாரத்தில் கேட்டிருக்கிறாய்" என்று அந்தக் கேரக்டருக்கு மட்டும் தெரியக்கூடிய ஒன்றைச் சொல்வேன். ஒரு ஆளுக்கு ஒரு உருட்டல், அதுவும் என்ன செய்து தெரிந்துகொள்கிறாய் என்று சொன்ன பிறகுதான். "சுவரில் உள்ள கீறலைத் தடவிப் பார்க்கிறேன்" என்றால் சரி. "யோசிக்கிறேன், ரோல் பண்ணட்டுமா?" என்றால் கிடையாது.

ஆங்கில விடுகதைத் தொகுப்புகளை மொழிபெயர்த்து வைக்கலாமா?

பாதிக்கு மேல் வழியிலேயே செத்துப்போகும். கை உண்டு, தட்டத் தெரியாது, அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டால் கடிகாரம். அவர்கள் கடிகாரத்துக்குக் கை வைத்திருக்கிறார்கள். நாம் முள் வைத்திருக்கிறோம். அப்படியே தமிழில் கேட்டால் உங்கள் நண்பர்கள் சிலையில் ஆரம்பித்துச் சட்டை வரைக்கும் போவார்கள், கடிகாரத்துக்கு வரவே மாட்டார்கள்.

நஷ்டம் என்று பார்க்காதீர்கள். முள் என்றால் செடியில் இருப்பது, மீனில் இருப்பது, கடிகாரத்தில் சுற்றுவது, தராசில் ஆடுவது. ஒரு சொல்லுக்குள் நான்கு கதவு. ஆங்கிலம் ஆடுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

நம் நாட்டு விடுகதைகளை அப்படியே எடுப்பதில் வேறு ஒரு சிக்கல். "வாசல் இல்லாத வெள்ளை மாளிகை" என்று ஆரம்பித்தால் "முட்டை" என்று முடிப்பதற்கு முன்பே யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கும் இடம் உண்டு. கதவுக் காவலாளி ஒரு முட்டாள், அவனுக்கு இந்த ஒரு விடுகதைதான் தெரியும், எல்லோரும் விடை சொல்லிவிடுவதால் மனம் நொந்திருக்கிறான் என்று வைத்தால் நல்ல வேடிக்கை. ஆனால் பெரிய காட்சியைத் தெரிந்த விடுகதையின் மேல் கட்டக் கூடாது.

சொந்தமாக எழுதுவது எப்படி?

விடையிலிருந்து பின்னால் நடக்க வேண்டும். விடை அந்த அறைக்குள்ளேயே இருக்கும் ஒரு பொருளாக இருந்தால் இன்னும் நல்லது.

தொல்காப்பியர் விடுகதையைப் பிசி என்கிறார். செய்யுளியலில் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு உவமையால் சொல்வது, கண்ணுக்குத் தோன்றுவதை அப்படியே எடுத்துச் சொல்லி விடையை மட்டும் மறைப்பது. ஈராயிரம் வருடப் பழைய இலக்கணம் என்று விட்டுவிட வேண்டாம், மேசைக்கு இது நேராக உதவும். முட்டையை மாளிகை என்பது முதல் வகை. "மரத்துக்கு மரம் தாவுவான் குரங்கல்ல, பட்டை போட்டிருப்பான் சாமியாரல்ல" என்று அணிலைச் சொல்வது, தெரிவதைச் சொல்லித் தப்பான விடைகளை ஒவ்வொன்றாக அடைப்பது. டி.எம்.-க்கு இரண்டாவது வகைதான் பாதுகாப்பு. ஒவ்வொரு வரியும் ஒரு தப்பான வழியை மூடிக்கொண்டே வரும்.

நான் வைத்த ஒன்றை முழுதாகக் காட்டுகிறேன். விடை: தராசு. தராசில் என்ன இருக்கிறது? இரண்டு தட்டு, ஒரு முள், ஒரு கொக்கி. தட்டு என்றால் சோறு ஞாபகம் வரும், முள் என்றால் குத்தல் ஞாபகம் வரும். அந்த இரண்டு ஞாபகத்தையும் கூப்பிட்டுவிட்டு இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

"தட்டு ரெண்டு, பருக்கை சோறு உண்டதில்லை.
முள்ளு ஒண்ணு, யாரையும் குத்தினதில்லை.
ராசாவே வந்தாலும் கனம் பார்ப்பேன், முகம் பார்ப்பதில்லை."

மூன்றாவது வரி முதலில் கிடையாது. சோதித்துப் பார்த்தபோது என் அக்கா மகன் மீன்கடை என்றான். யோசித்தால் அதுவும் சரிதான். அந்த வாசலை அடைக்க ராசாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஆட்டத்தில் இல்லாத ஒருவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விடை வருகிறதா என்பதைவிட என்ன தப்பான விடை வருகிறது என்பதுதான் முக்கியம்.

இனி காட்சி. ஆற்றுப் பாலத்தின் நடுவில் இடிந்த சுங்கச்சாவடி. சுங்கக்காரன் செத்து நூறு வருடம். ஆவி மட்டும் மேசையை விட்டு எழவில்லை. "யாரப்பா அது? சுங்கம் கட்டாமல் இந்தப் பாலத்தை ஒருத்தரும் தாண்டினது கிடையாது. கட்டக் காசில்லாவிட்டால் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள்." மேசையில் துருப்பிடித்த தராசு, ஐந்து எடைக்கல், கரையான் அரித்த கணக்குப் புத்தகம். பாலத்துக்குக் கீழே வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பத்து நிஜ நிமிடத்துக்கும் ஒரு படிக்கட்டு மூழ்கும். பின்னால் துரத்தி வருகிறவர்களின் தீப்பந்தம் தூரத்தில் தெரிகிறது.

ஆவியின் ரகசியம், அவன் வாழ்நாள் முழுக்கக் கள்ள எடை போட்டவன். ஐந்து கல்லில் ஒன்று உள்ளே பொள்ளல். "தராசு" என்று சொன்னால் ஆவி தலையாட்டும், ஆனால் முள் நடுவில் நிற்காதவரை வழி விடாது. விடை சொல்வது பாதிதான், மீதியைக் கையால் செய்ய வேண்டும்.

என் மேசையில் விடுகதையை யாரும் முதலில் அவிழ்க்கவில்லை. ரோக் (திருட்டுக் கில்லாடி) ஆடுகிறவர் வழக்கம்போல எதையாவது திருடலாம் என்று ஒரு எடைக்கல்லை எடுத்தார். அது பொள்ளல் கல். "பார்த்தால் இருக்கும் கனம் கையில் இல்லை" என்றேன். அவர் அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்க, அவர் இன்னொரு கல்லை எடுத்து இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்து, கையைத் தராசு மாதிரியே மேலும் கீழும் ஆட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் மூலையில் சும்மா இருந்த கிளெரிக் (பூசாரி) ஆடுகிறவர், "டேய், தட்டு ரெண்டு, முள்ளு ஒண்ணு!" என்று கத்தினார். திருட்டில் தொடங்கி விடுகதையில் முடிந்தது. நான் எழுதி வைத்த வரிசைப்படி எதுவும் நடக்கவில்லை.

எழுத்துப் புதிர் வைக்கலாமா?

தமிழுக்கென்றே பிறந்த வகை இது. ஒரு சிறைக்கூடத்துக்கு நான் எழுதியது:

"மூன்றெழுத்து நான். முழுதாய் இருந்தால் குளத்தில் கத்துவேன். தலை போனால் கையில் குலுங்குவேன். இடை போனால் கைதியின் காலைப் பிடிப்பேன்."

தவளை, வளை, தளை. சிறையில் தளை கண்ணெதிரே கிடக்கிறது, சுவரில் தவளை செதுக்கியிருக்கிறது, பெண் கைதி ஒருத்தியின் எலும்புக் கையில் வளையல்.

ஒரு எச்சரிக்கை. இதைக் காதால் கேட்டு அவிழ்ப்பது கஷ்டம், தாளில் எழுதிக் கொடுங்கள். ஆன்லைனில் ஆடினால் இன்னொரு தலைவலி: சாட்டில் எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் தட்டுகிறார்கள். அப்படித் தட்டினால் தவளைக்கு எட்டு எழுத்து வந்துவிடுகிறது. எங்கள் ஆள் ஒருவர் மூன்றெழுத்தில் வரும் ஆங்கிலச் சொல்லையெல்லாம் இருபது நிமிடம் தேடினார்.

நான் நினைக்காத ஒரு விடையைச் சொன்னார்கள். அதுவும் பொருந்துகிறது. என்ன செய்ய?

சரி என்று சொல்லுங்கள். இங்கிலாந்தில் 10-ஆம் நூற்றாண்டு எக்ஸிட்டர் கையெழுத்துப் பிரதியில் 90-க்கும் மேற்பட்ட விடுகதைகள் இருக்கின்றன, விடைகளை எழுதி வைக்கவில்லை. சிலவற்றுக்கு என்ன விடை என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர்களுக்கே அந்த நிலை என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் எழுதியதற்கு ஒரே விடைதான் என்று பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இல்லை.

வரிக்கு வரி பொருந்தினால் சரி. ஒரு வரி இடித்தால் அந்த வரியை மட்டும் காவலாளி மறுபடி சொல்லட்டும். அதுவே குறிப்பாகிவிடும்.

எது நியாயமில்லாத விடுகதை?

போடுகிறவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்பது. பைபிளில் சிம்சோன் கல்யாண விருந்தில் 30 தோழர்களுக்கு ஒரு விடுகதை போடுகிறான்: தின்கிறவனிடமிருந்து தீனி, பலவானிடமிருந்து இனிப்பு. அவன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீ கூடு கட்டியிருந்தது. அவன் ஒருவன் மட்டும் பார்த்தது. யாரால் சொல்ல முடியும்? அந்தத் தோழர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மணப்பெண்ணை மிரட்டி அவள் மூலமாக விடையை வாங்கினார்கள். உங்கள் பார்ட்டி (ஆட்டக்காரர்களின் குழு) செய்வதும் அதையேதான். விடுகதை அவிழாது என்று தெரிந்ததும் பக்கத்தில் யார் பலவீனமான ஆள் என்று பார்ப்பார்கள்.

உண்மையில் நியாயமில்லாத விடுகதையைத் தெரிந்தே வைப்பது நல்ல உத்தி. விடையைத் தலைக்குள் தேடாமல் ஊருக்குள் தேட வைக்கும். சிங்கத்தின் எலும்புக்கூட்டைக் காட்டுப் பாதையில் முதல் செஷனிலேயே (ஒரு தடவை உட்கார்ந்து ஆடுவது ஒரு செஷன்) காட்டிவிட்டீர்களானால் அது நியாயமாகவும் ஆகிவிடும்.

தப்பான விடைக்கு என்ன தண்டனை?

"தப்பு, செத்தாய்" வேண்டாம். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "தப்பு, மறுபடி சொல்" என்றும் வேண்டாம். அகராதி முழுக்க ஒப்பிப்பார்கள். நடுவில் ஏதாவது செலவாக வேண்டும்: விளக்கில் எண்ணெய், நேரம், காவலாளியின் பொறுமை.

எனக்குத் தெரிந்து மிக அழகான தண்டனை நாவல் மரத்தடியில் ஔவைக்குக் கிடைத்தது. சுட்ட பழமா, சுடாத பழமா என்று மாடு மேய்க்கும் பையன் கேட்கிறான். விழுந்த பழத்தில் ஒட்டிய மண்ணை ஔவை ஊத, "என்ன பாட்டி, பழம் ரொம்பச் சுடுகிறதா?" என்கிறான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, போனது கர்வம் மட்டும். அதே நொடியில் எதிரில் இருப்பது சாதாரணப் பையன் இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. தோல்விதான் கதையை நகர்த்துகிறது. உங்கள் காட்சியில் தப்பான விடை சொன்னால் ஆட்டக்காரர்களுக்குப் புதிதாக என்ன தெரியவரும் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் எழுத வரவில்லை என்றால் காட்சி இன்னும் வேகவில்லை.

விடை சொல்வதையே ஆபத்தாக்க முடியுமா?

வேதாளம் செய்தது அதைத்தான். விக்கிரமாதித்தனுக்கு விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை சுக்குநூறாகும். பேசினால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிப் போய்விடும். அவிழ்ப்பது அவனுக்கு ஒரு சிரமமே இல்லை, வாயைத் திறப்பதா வேண்டாமா என்பதுதான் அவன் பாடு. விடுகதையில் கில்லாடிகளான பார்ட்டிக்கு இதைக் கொடுங்கள். பாதாளத்தில் ஒரு கதவு, சரியான விடை சொல்கிறவரின் நினைவிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ளும். விடை எல்லோருக்கும் தெரியும். யார் சொல்வது? எங்கள் மேசையில் அதிக நேரம் பேச்சு நடந்தது இந்தக் கதவின் முன்னால்தான். ஒருவரும் போனைத் தொடவில்லை.

ஒரே விடை இல்லாத கேள்வி கேட்கலாமா?

கேளுங்கள். பாரதத்தில் பொய்கைக் கரையில் யட்சன் தருமனிடம் கேட்டவை பல அப்படித்தான். காற்றைவிட வேகமானது எது? மனம். புல்லைவிட மிகுதியானது எது? கவலை. வேறு விடையும் பொருந்தும். அங்கே சோதிக்கப்படுவது ஆள். எல்லாம் முடிந்து, தம்பிகளில் ஒருவனுக்கு உயிர் தருகிறேன், யார் வேண்டும் என்று யட்சன் கேட்கிறான். பீமனையோ அர்ச்சுனனையோ கேட்காமல், மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்கட்டும் என்று நகுலனைக் கேட்டதுதான் கடைசி விடை.

மேசையில் இதை நடத்தும்போது கேரக்டரின் வாயால் விடை வர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வையுங்கள். விடுகதையே வராத ஆட்டக்காரர்கள் இங்கே பிரமாதமாகப் பேசுவார்கள். நீங்கள் தாளில் வைத்திருக்கும் விடையோடு ஒத்துப்பார்க்காதீர்கள். அந்தக் கேரக்டர் இதுவரை நடந்துகொண்டதோடு ஒத்துப்பாருங்கள்.

மந்திரத்தால் தாண்டிவிடுகிறார்களே?

தாண்டட்டும். மந்திரத்தைத் தடை செய்வதற்கு முன் அதன் விதியை முழுதாகப் படியுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். பூட்டைத் திறக்கும் நாக் மந்திரம் 300 அடி வரை கேட்கும் சத்தத்தோடு திறக்கும். துரத்துகிறவர்கள் இருந்தால் அந்தச் சத்தமே விலை. பிணத்தோடு பேசும் மந்திரத்தில் ஐந்து கேள்விதான், அதே பிணத்திடம் மறுபடி கேட்கப் பத்து நாள் ஆகும். மொழி புரியும் மந்திரம் எழுத்தைப் படித்துக் காட்டும், ஒளித்துவைத்த சங்கேதத்தை அவிழ்க்காது. ஸ்பிங்க்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்டது) மாதிரிப் பிராணிகளின் மனதை மந்திரத்தால் படிக்க முடியாது என்று விதிப்புத்தகமே சொல்கிறது.

சக்கரப் பூட்டு, சின்னங்களைத் திருப்பும் பூட்டு?

எண்ணிப் பார்க்காமல் வைக்காதீர்கள். மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் நான்கு சின்னம் என்றால் 64 சேர்க்கை. ஆட்டத்தில் ஒரு சுற்று 6 நொடி. ஒரு சுற்றுக்கு ஒரு முயற்சி என்றாலும் 6 நிமிடம் 24 நொடியில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம், விடுகதையை வாசிக்காமலே. நான்கு சக்கரம், ஆறு சின்னம் என்றால் 1,296 சேர்க்கை, இரண்டு மணி பத்து நிமிடம். ஒரு குட்டித்தூக்கம் போடும் நேரம். தப்பாகத் திருப்பினால் ஏதாவது நடக்க வேண்டும், அல்லது அவசரம் இருக்க வேண்டும்.

எத்தனை குறிப்பு வைக்கலாம்?

குறைந்தது மூன்று, மூன்று வேறு இடங்களில். நீங்கள் கண்டிப்பாகத் தெரியும் என்று நினைத்த ஒன்றைப் பார்க்காமலே கடந்துவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது மாட்டும். குறிப்பு எல்லாம் காதுக்கே இருக்கக் கூடாது. தொட, தூக்க, முகர, உடைக்க ஒன்றாவது இருக்கட்டும்.

குறிப்பை ஒரே அறையில் வைக்க வேண்டும் என்றும் இல்லை. டி அண்ட் டி-யை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975-இல் ஒரு போட்டிக்காக உருவாக்கி 1978-இல் அச்சான 'டோம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' சாகசத்தில், கல்லறையின் முதல் நடைபாதைத் தரையிலேயே ஒரு புதிர்ப்பாட்டு பதித்திருக்கும். அது ஒரு கதவுக்கான விடுகதை கிடையாது, உள்ளே வரப்போகும் பல பொறிகளுக்கான துப்பு. ஒவ்வொரு அறையிலும் ஒரு வரி புரியும். அந்தச் சாகசத்தின் கொடூரம் எனக்குப் பிடிக்காது, கேரக்டர்களை ஈசல் மாதிரிச் சாகடிக்கும். அந்தப் பாட்டு வைத்த விதத்தை மட்டும் நான் பல தடவை களவாடியிருக்கிறேன்.

எப்போதும் ஒரே ஆள்தான் விடை சொல்கிறார்.

அவரை அடக்காதீர்கள், பங்கைப் பிரியுங்கள். விடுகதையின் ஒரு வரியை ஒரு கேரக்டருக்கும் இன்னொரு வரியை வேறொருவருக்கும் துண்டுச்சீட்டில் கொடுங்கள். குள்ளர் இனத்தின் மொழியில் எழுதியது அந்த இனக் கேரக்டருக்கு மட்டும். அல்லது விடை வாய்ச்சொல்லாக இல்லாமல் செயலாக இருக்கட்டும், தராசில் வைத்த மாதிரி.

பொய் மட்டும் சொல்லும் ஒரு காவலன், உண்மை மட்டும் சொல்லும் ஒரு காவலன், ஒரே கேள்வியில் சரியான கதவைக் கண்டுபிடி என்ற பழைய புதிர்?

வேண்டாம். தெரிந்தவருக்குச் சலிப்பு, தெரியாதவருக்குக் கணக்குப் பரீட்சை.

கூகுளில் தேடுகிறார்களே?

சொந்தமாக எழுதினால் கிடைக்காது. கிடைத்தாலும் முள் நடுவில் நிற்க வேண்டுமே.

ஒரு கேம்பெயினில் (பல செஷன் ஓடும் தொடர்கதையில்) எத்தனை வைக்கலாம்?

நான் நான்கைந்து செஷனுக்கு ஒன்றுக்கு மேல் வைப்பதில்லை. சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது மட்டும் கணக்கில்லை. அவர்கள் செஷனுக்கு மூன்று கேட்பார்கள், திரும்ப நமக்கு ஆறு போடுவார்கள். பூதம் விடை தெரியாமல் முழிப்பதுதான் அவர்களுக்குப் பிடித்த காட்சி.

யாருமே கண்டுபிடிக்கவில்லை. அப்புறம்?

வேறு வழி இருக்க வேண்டும், அந்த வழிக்கு விலையும் இருக்க வேண்டும். அதே சுங்கச்சாவடியை இன்னொரு குழுவுக்கு வைத்தேன். அவர்கள் எடைக்கல்லைத் தொடவே இல்லை. இரண்டு படிக்கட்டு மூழ்கியதும் ஆற்றில் குதித்தார்கள். மூட்டையில் பாதி போயிற்று, மந்திரவாதியின் புத்தகம் நனைந்து பல பக்கம் அழிந்தது. கரையேறியதும் பின்னாலிருந்து ஆவி கூப்பிட்டது: "கணக்கில் எழுதிக்கொள்கிறேன்."

நான் விடையைச் சொல்லவில்லை. மூன்று செஷன் கழித்து வேறு ஒரு ஊர்ச் சந்தையில் அரிசி வாங்கப் போனார்கள். கடைக்காரர் தட்டில் அரிசியைக் கொட்டினார், முள் ஆடி நின்றது என்றேன். ஒரு நொடி மேசையில் சத்தமே இல்லை. பிறகு ஃபைட்டர் (போர்வீரன்) ஆடுகிறவர் டைஸைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பிப் போகணும்" என்றார்.